நியூயார்க்கில் சைவம் – ஒரு கடிதம்

வணக்கம்.

என் மகன் நியூயார்க்கில், குவீன்ஸ் பகுதியில் இருக்கிறான். அடுத்த மாதம் அங்கே போகிறேன். போன முறை நான் வெளியே சாப்பிட்டது சரவண பவனிலும் கோயில் கேன்டீனிலும் மட்டும்தான். வேறு எங்கே கூப்பிட்டாலும், “நீங்க போயிட்டு வாங்க, எனக்குத் தயிர்சாதம் போதும்” என்று வீட்டிலேயே இருந்துவிட்டேன். பேரனுக்கு அதில் ரொம்ப வருத்தம். கறி, மீன், முட்டை எதுவும் நான் தொடமாட்டேன். என்னைப் போன்றவர்கள் அந்த ஊரில் நம்பி உட்கார்ந்து சாப்பிட வேறு இடம் உண்டா?

– ஒரு வாசகி, மாயவரம்

அன்புள்ள அம்மாவுக்கு,

உண்டு, தாராளமாக உண்டு. என் தங்கை அந்த ஊரில்தான் இருக்கிறாள். அவளைப் பார்க்கப் போகும்போதெல்லாம் சாப்பாட்டுக்காகவே ஊர் சுற்றுகிறவன் நான். அப்படிச் சுற்றியதில் எனக்குப் பிடிபட்ட வழி ஒன்றுதான். பெரிய ஹோட்டல் மெனுவின் மூலையில் இருக்கும் சைவ ஐட்டத்தைத் தேடாதீர்கள். மதத்துக்காக, விரதத்துக்காக, பரம்பரைப் பழக்கத்துக்காகக் கறியை ஒதுக்குகிறவர்கள் நம்மைத் தவிரவும் அங்கே நிறைய இருக்கிறார்கள். அவர்களுடைய கடைக்குப் போங்கள். சைவம் அங்கே தினப்படிச் சமையல். நீங்கள் யாரிடமும் சலுகை கேட்க வேண்டியதில்லை.

முதலில் எத்தியோப்பியச் சாப்பாடு. இதை ஒரு முறையாவது சாப்பிட்டுவிடுங்கள், அம்மா. எத்தியோப்பியாவின் பழமையான திருச்சபையைச் சேர்ந்தவர்களுக்குப் புதனும் வெள்ளியும் விரதம். ஈஸ்டருக்கு முன்னால் 55 நாள் நோன்பு வேறு. அந்த நாட்களில் கறி, முட்டை மட்டுமில்லை, பால், வெண்ணெய்கூடக் கிடையாது. இப்படி நூற்றாண்டுக் கணக்கில் விரதச் சமையல் செய்து வந்ததால், பருப்பிலும் கீரையிலும் அவர்கள் கை தேர்ந்துவிட்டது. டெஃப் என்கிற பொடித் தானியத்தின் மாவைக் கரைத்துப் புளிக்கவைத்து, பெரிய வட்டக் கல்லில் ஊற்றி, திருப்பிப் போடாமல் ஒரு பக்கம் மட்டும் வேகவைத்து எடுக்கிறார்கள். அதற்குப் பெயர் இஞ்சேரா. மேலெல்லாம் கண் விட்டு, ஆப்பத்தின் நடுப்பகுதி மாதிரி மெத்தென்று புளிப்பாக இருக்கும். அதன் மேலேயே மைசூர்ப் பருப்பைக் காரமாக வேகவைத்த மிசிர் வோட், கடலை மாவில் செய்யும் ஷிரோ, மஞ்சள் போட்ட முட்டைக்கோஸ், கீரை என்று குவியல் குவியலாக வைத்துக் கொண்டுவருவார்கள். பெர்பெரே என்று ஒரு மசாலாப் பொடி சேர்ப்பார்கள். மிளகாய், வெந்தயம், ஏலம், இஞ்சி எல்லாம் அதில் உண்டு, வாசனை உங்களுக்கு அந்நியமாகப் படாது. கரண்டி கிடையாது, கையால்தான் சாப்பிட வேண்டும்.

எல்லோரும் ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிடுவது அவர்கள் வழக்கம். எச்சில் பார்க்கிறவர்களுக்கு அது சங்கடம். தனித் தட்டு கேளுங்கள், தருவார்கள். புரூக்ளினில் புஷ்விக் பகுதியில் இருக்கும் புன்னா கஃபே முழுக்க முழுக்க இந்த விரதச் சாப்பாட்டுக் கடைதான். கறியோ முட்டையோ அந்தச் சமையலறைக்குள்ளேயே வராது என்பதால் அதைத்தான் முதலில் சொல்வேன்.

அடுத்தது யூதர்களின் பால் கடை. கோஷர் என்கிற அவர்களுடைய உணவு விதிப்படி கறியும் பாலும் சேரவே கூடாது. பாத்திரம், கரண்டிகூடத் தனித்தனி. அதனால் பால் பண்டங்களுக்கென்று ஒரு கடை வைத்தால் ஆடு, மாடு, கோழி எதற்கும் அங்கே இடமில்லை. ஈஸ்ட் வில்லேஜில், செகண்ட் அவென்யூவில், பி அண்ட் எச் டெய்ரி என்று 1930களிலிருந்து நடக்கும் கடை ஒன்று இருக்கிறது. நீளமாக, ஒடுக்கமாக ஒரு கவுன்டர், அதன் முன்னால் ஸ்டூல்கள், எதிர்ச் சுவரை ஒட்டிச் சில மேசைகள், அவ்வளவுதான். 2015 மார்ச்சில் அதே தெருவில் காஸ் வெடித்துப் பக்கத்துக் கட்டடங்கள் இடிந்தபோது கடை பல மாதம் மூடிக்கிடந்தது. வாடிக்கையாளர்களே பணம் திரட்டிக் கொடுத்து அதை மறுபடி திறக்கவைத்தார்கள். ஒரு சாப்பாட்டுக் கடைக்காக ஊர் அப்படித் திரண்டது எனக்கு இன்றும் மனதுக்கு இதமான விஷயம்.

அங்கே நீங்கள் சாப்பிட வேண்டியது சூப். அமெரிக்காவில் காய்கறி சூப் என்று சொல்லிக்கொண்டு கோழி வேகவைத்த நீரில் செய்வது சகஜம். பால் கடையில் அந்தப் பயம் இல்லை. காளானும் பார்லியும் போட்ட சூப், பட்டாணி சூப், பீட்ரூட்டில் செய்யும் போர்ஷ்ட் எல்லாம் உண்டு. ஆனால் இரண்டு விஷயம் கவனம். அவர்கள் கணக்கில் மீன், கறியில் சேர்த்தி இல்லை, அதனால் டூனா, வொயிட்ஃபிஷ் அங்கே இருக்கும். அப்புறம், ஹாலா ரொட்டியிலும், பூரணம் வைத்து மடிக்கும் மெல்லிய தோசை மாதிரியான பிளின்ட்ஸிலும் வழக்கமாக முட்டை சேரும். மீன் புழங்கும் இடத்திலேயே உட்கார மனம் ஒப்பவில்லையென்றால் இதை விட்டுவிடுங்கள், தவறே இல்லை.

சைனாடவுனில் மாட் தெருவில் புத்தா போடாய் என்று பௌத்த சைவக் கடை உண்டு. மெனுவில் கோழி, வாத்து என்று பெயர் பார்த்ததும் எழுந்துவிடாதீர்கள். எல்லாமே சோயாவிலும் கோதுமைப் புரதத்திலும் காளானிலும் செய்தவை. ஆனாலும் கறியைப் போலச் செய்து வைத்ததைப் பார்த்தாலே சிலருக்கு ஒட்டாது. எனக்கும் அதில் பெரிய ஆசை இல்லை. முள்ளங்கிக் கேக், காய் அடைத்த டிம்சம் (கொழுக்கட்டை மாதிரி), நூடுல்ஸ் வாங்குங்கள், பேரனுக்கு ரொம்பப் பிடிக்கும். கட்டுப்பாடான சீன பௌத்தர்கள் வெங்காயம், பூண்டும் சேர்ப்பதில்லை. ஏகாதசி, அமாவாசைக்குப் போவதென்றால் அதையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம்.

மற்ற கடைகளில் ‘வெஜிடேரியன்’ என்று கேட்டால் முட்டை வந்துவிடும். ‘வீகன்’ என்று கேட்கச் சொல்லுங்கள். பாலும் தயிரும் போய்விடும்தான், ஆனால் முட்டை, மீன் சாறு, கோழிச் சாறு எல்லாமும் சேர்ந்து போய்விடும். தாய்லாந்துக் கடையில் மீன் சாறு, ஜப்பானிய மிசோ சூப்பில் மீன், சில மெக்சிகோ கடைகளின் பீன்ஸில் பன்றிக் கொழுப்பு, இதெல்லாம் கேட்காமல் தெரியாது. பீட்சாவில் பார்மிசான் சீஸ் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அசல் பார்மிசானைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் போட்டுத்தான் உறையவைக்கிறார்கள்.

கோயில் கேன்டீனை நான் குறைவாகச் சொல்ல மாட்டேன். 1977-இல் குடமுழுக்கு நடந்த ஃப்ளஷிங் பிள்ளையார் கோயிலில் தரிசனம் முடித்துக் கீழே இறங்கித் தோசை சாப்பிடும் சுகம் தனி. அங்கேயும் போங்கள். ஆனால் இந்த முறை மகன் கூப்பிட்டால் தயிர்சாதம் போதும் என்று சொல்லாதீர்கள். “புஷ்விக்குக்குக் கூட்டிட்டுப் போடா” என்று நீங்களே முதலில் கேளுங்கள்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. கோஷர் கடைகள் பலவும் வெள்ளி மாலையிலிருந்து சனி இரவு வரை மூடியிருக்கும். பேரனையும் கூட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போவதென்றால் ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்.