வீட்டில் கலக்கும் சாக் பெயின்ட்: கேள்வி-பதில்

மர சாமான்களுக்கு அடிக்கும், சுண்ணாம்பு போல மங்கலான பெயின்ட்தான் சாக் பெயின்ட்.

ஒரு கப் எமல்ஷனில் (தண்ணீர் கலந்த சுவர் பெயின்ட்) அரை கப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் (பி.ஓ.பி.) கொட்டிக் கலக்கினேன். கட்டி கட்டியாகிவிட்டது. ஏன்?

அளவும் கூடுதல், கலந்த வரிசையும் தப்பு. ஒரு கப் மேட் (பளபளப்பில்லாத) எமல்ஷனுக்கு பி.ஓ.பி. கால் கப் போதும். கப்பில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டவே கூடாது. பவுடரைச் சலித்து, அதே அளவு குளிர்ந்த தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கரையுங்கள். கட்டியில்லாமல் வழவழவென்று ஆனதும் பெயின்டில் ஊற்றிக் கிளறுங்கள். பெயின்டில் நேராகக் கொட்டினால் மேலே ஈரமும் உள்ளே மாவுமாக உருண்டுவிடும். வெதுவெதுப்பான நீர் வேண்டாம், சீக்கிரம் இறுகும். முந்தைய கலவை ஒட்டிக் காய்ந்த டப்பாவைக் கழுவாமல் எடுத்தாலும் அதே கதிதான். இறுகிய துகள்கள் புதிய பவுடரையும் இறுகத் தூண்டும்.

பவுடர் கூடினால் பிடிப்பும் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். நேர்மாறு. பவுடர் தருவது மங்கலும் சொரசொரப்பும்தான். பிடித்து வைப்பது எமல்ஷனிலுள்ள பசை. அதன் பங்கு குறைந்தால் விரலில் சுண்ணாம்பு போல ஒட்டும்.

மீதியை மூடி வைக்கலாமா?

பி.ஓ.பி. கலவையை அன்றே தீர்த்துவிடுங்கள். இறுகத் தொடங்கியதில் தண்ணீர் விட்டு மீட்க முடியாது. மிச்சத்தை சிங்க்கில் கொட்டினால் குழாய் அடைத்துக்கொள்ளும். எடுத்து வைக்க வேண்டுமென்றால் கால்சியம் கார்பனேட் வாங்குங்கள். ஹார்டுவேர் கடையில் சாக் பவுடர், வைட்டிங் என்று கேட்கலாம். அது தண்ணீரில் இறுகாது. ஒரு கப் பெயின்டுக்கு 4 மேசைக்கரண்டி. அடியில் படியும், கிளறினால் சரியாகும்.

டிஸ்டெம்பரோ, மிஞ்சிய எனாமலோ போதாதா?

டிஸ்டெம்பரில் சாக் ஏற்கெனவே ஏராளம், பசைதான் குறைவு. கைபடும் நாற்காலிக்குத் தாங்காது. எனாமல் எண்ணெய் சார்ந்தது, தண்ணீரில் கரைத்த பவுடரோடு சேராது.

வேங்கை மர அலமாரிக்கு மூன்று கோட் வெள்ளை அடித்தும் பழுப்புத் திட்டு தெரிகிறது.

நான்காவது கோட்டிலும் தெரியும். வேங்கைக் குவளையில் ஊற்றிய தண்ணீர் நிறம் மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். பெயின்டிலுள்ள தண்ணீரும் அப்படித்தான் மரச்சாயத்தை மேலே இழுக்கிறது. தண்ணீர் கலந்த பிரைமர் பெரும்பாலும் இதைத் தடுக்காது. ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கை (ஷெல்லாக்) மெல்லியதாக இரண்டு கோட் பூசுங்கள். மெழுகு நீக்கிய அரக்கு கிடைத்தால் நல்லது. நன்றாகக் காய்ந்ததும் 220 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தடவிவிட்டு வெள்ளை அடியுங்கள். தேக்குக்கும் இதே வழி.

சாக் பெயின்டுக்கு உப்புத்தாளே வேண்டாம் என்கிறார்களே?

பளபளப்பு மங்கிய மரத்துக்குச் சோப்புத் தண்ணீரால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தாலே போதும். சன்மைக்காவையும் மினுங்கும் வார்னிஷையும் 150 நம்பர் உப்புத்தாளால் தேய்க்காமல் அடித்தால் நகம் பட்டே உரியும். பழைய எனாமல் பூச்சாக இருந்தால் எச்சரிக்கை: வீட்டு உபயோக பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சை உலர் நிலையில் தேய்க்காதீர்கள். தூசி பறந்தால் குழந்தைகளுக்கு ஆபத்து.

சாப்பாட்டு மேசையில் சாக் பெயின்டின் மேல் பாதுகாப்புக்குப் பூச மெழுகா, வார்னிஷா?

வார்னிஷ்தான். தேன்மெழுகு 62–64 டிகிரி செல்சியஸில் உருகும். சூடான காபி டம்ளர் வைத்தால் வட்டம் விழும். தண்ணீர் கலந்த மேட் பாலியூரித்தேன் மூன்று மெல்லிய கோட் அடியுங்கள். ஏற்கெனவே மெழுகு தேய்த்திருந்தால் அதன்மேல் வார்னிஷ் ஒட்டாது. டர்பென்டைன் நனைத்த துணியால் முழுக்கத் துடைத்து, ஒருநாள் காயவிட்ட பிறகே பூசுங்கள்.