பேர் போடாத பத்து நாளும் பிள்ளைக்காம்பரா நோட்டும்

கேள்வி: "அண்ணே, நீலகிரியில் பந்தலூர் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் 14 வருடமாகக் கொழுந்து பறிக்கிறேன். சாக்கு எடை, ஈரம் என்று சொல்லித் தராசில் கண்டபடி கிலோ கழிக்கிறார்கள். நாங்கள் ஏழு பெண்கள் சங்கத்தில் சேர்ந்து மனு கொடுத்தோம். மூன்றாவது வாரமே வருகைப் பதிவில் எனக்குப் பேர் போட்டு வேலை கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். பத்து நாள் சொல்லாமல் லீவு போட்டேனாம். நான் ஒரு நாள்கூடப் போடவில்லை. பக்கத்து எஸ்டேட்டில் வேலை கேட்டால் ஆதாரை வாங்கிப் பார்த்து, யாருக்கோ போன் போட்டுவிட்டு ஆள் வேண்டாம் என்கிறார்கள். இப்போது ஒரு பேப்பரில் கையெழுத்துப் போட்டால் கணக்கு முடித்துப் பணம் தருகிறோம், எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டைக் காலி செய் என்கிறார்கள். போட்டுவிட்டு மூன்று வயதுப் பையனோடு திருப்பூர் போய்விடலாமா?"

பதில்: தங்கச்சி, முதலில் அந்தப் பேப்பர். கையெழுத்துப் போடாதீர்கள். "சொந்த விருப்பத்தில் வேலையை விட்டு நிற்கிறேன், எனக்கு பாக்கி எதுவும் இல்லை" என்கிற வரி அதில் இல்லாவிட்டால்தான் எனக்கு ஆச்சரியம். போட்ட நிமிஷமே அவர்கள் உங்களை நிறுத்தினார்கள் என்பது போய் நீங்களாக நின்றீர்கள் என்று ஆகிவிடும். 14 வருட கிராஜுவிட்டி எப்படியும் உங்களுக்கு வரவேண்டிய பணம், அதையே கையெழுத்துக்கு விலை மாதிரி நீட்டுகிறார்கள்.

அந்தப் பத்து நாள் விஷயத்துக்கு வருகிறேன். 2025 நவம்பர் 21 முதல் பழைய தொழில் தகராறு சட்டத்தின் இடத்தில் தொழில் உறவுத் தொகுப்புச் சட்டம் வந்திருக்கிறது. முதலாளி செய்யக்கூடாத காரியங்கள் என்று அதில் ஒரு பட்டியல் உண்டு, பழைய சட்டத்தில் இருந்த அதே பட்டியல்தான். சங்கத்தில் சேர்ந்ததற்காகவோ மற்றவர்களைச் சேர்த்ததற்காகவோ வேலையை விட்டு எடுப்பது தப்பு என்று அதில் இருக்கிறது. சொல்லாமல் லீவு போட்டதாகப் பொய்க் குற்றம் ஜோடித்து எடுப்பதும் தப்பு என்று தனியாகவே ஒரு வரி இருக்கிறது, உங்கள் கதையை முன்கூட்டியே யாரோ கேட்டு எழுதி வைத்த மாதிரி! விசாரணை என்று பேருக்கு நடத்தி அவசரமாக முடிப்பதும் பட்டியலில் உண்டு. உங்களுக்கோ விளக்கம் கேட்டு மெமோ வந்ததாகக்கூட நீங்கள் எழுதவில்லை.

சரி, வேலைக்குப் போனதை எப்படிக் காட்டுவது? வருகைப் பதிவேடான செக் ரோல் அவர்கள் கையில், அதில் என்ன வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் உங்கள் பையன் பிள்ளைக்காம்பராவில், அதாவது எஸ்டேட்டின் குழந்தைகள் காப்பகத்தில், விடுகிற வயது. அங்கே ஆயா தினமும் நோட்டில் பிள்ளைகள் பேரை எழுதுவார், பால் கணக்கு இருக்கும். தாய் மலையில் கொழுந்து பறிக்காத நாளில் பிள்ளை எதற்கு அங்கே வந்தது என்று அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். நோட்டைக் கேட்டு வாங்கப் போகாதீர்கள், பாவம் ஆயாவுக்கும் வேலை போய்விடும். எந்தத் தேதிகள் என்று மட்டும் குறித்துக்கொண்டு, அந்த நோட்டைக் கொண்டுவரச் சொல்லி மனுவில் எழுதுங்கள். எடைச் சீட்டு ஒன்றிரண்டு டப்பாவில் கிடந்தால் எடுத்து வையுங்கள், பி.எஃப். பாஸ்புக்கில் அந்த மாதம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்றும் பாருங்கள். சங்கத்துக்குச் சந்தா கட்டிய ரசீதும் மனுவின் நகலும் எல்லாவற்றையும்விட முக்கியம். சேர்ந்த தேதிக்கும் பேர் நின்ற தேதிக்கும் மூன்று வாரம்தான் இடைவெளி, உங்கள் வழக்கின் உயிரே அதில்தான் இருக்கிறது.

பக்கத்து எஸ்டேட்டுக்குப் போன போன் விஷயத்தில் உங்களுக்கு ஆசை காட்ட மாட்டேன். கறுப்புப் பட்டியல் என்று பேர் சொல்லித் தண்டிக்கிற வரி அந்தச் சட்டப் பட்டியலில் கிடையாது, போனில் பேசியதற்குச் சாட்சியும் இருக்காது. உங்கள் குடும்பம், தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 சாஸ்திரி ஒப்பந்தத்தில் சிலோனிலிருந்து வந்தது என்றால் வீட்டுப் பெரியவர்களிடம் 'துண்டு' பற்றிக் கேட்டுப் பாருங்கள். இந்த ஆளுக்குக் கடன் பாக்கி இவ்வளவு என்று எழுதிய சீட்டு, அது இல்லாமல் அடுத்த தோட்டத்தில் ஏற முடியாது. 1921இல் அங்கே சட்டம் போட்டு ஒழித்தார்கள். இன்றைக்கு அந்த வேலையை செல்போன் செய்கிறது, கையில் சீட்டு வேறு மிஞ்சுவதில்லை. அதனால் நீங்களாகவே ஒரு சீட்டை உண்டாக்குங்கள். அந்த எஸ்டேட்டுக்கும் இன்னும் இரண்டு எஸ்டேட்டுக்கும் வேலை கேட்டுப் பதிவுத் தபால் அனுப்பி ரசீதை வையுங்கள். பதில் வராது என்று தெரியும். நீங்கள் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை, வேலை தேடியும் கிடைக்கவில்லை என்று, நிறுத்திவைத்த காலத்துக்கான பின்சம்பளம் கேட்கும்போது காட்ட அது உதவும்.

வேலை நீக்கத்துக்குத் தனி ஆளாகவே தகராறு எழுப்பலாம், 1965இல் வந்த உரிமை அது, புதிய சட்டத்திலும் இருக்கிறது. குன்னூர் தொழிலாளர் துறை அலுவலகத்தில் சமரசத்துக்கு மனு கொடுங்கள், அங்கே பேசித் தீராவிட்டால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். முன்பு 3 வருடம் அவகாசம் இருந்தது, இப்போது 2 வருடம்தான். தேயிலை விலை ஏறட்டும், மேனேஜர் மாறட்டும் என்று காத்திருந்து காலத்தைக் கோட்டைவிட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வழக்கு இழுக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

மற்ற ஆறு பேர் என்ன ஆனார்கள் என்று நீங்கள் எழுதவே இல்லை. எனக்கு அந்தக் கவலைதான் அதிகம். உங்களை எடுத்ததே அவர்கள் பயப்படட்டும் என்றுதானே. எடைக் கழிவை வெறும் மனுவாக விடாமல் சங்கம் வழியாகத் தகராறாக எழுப்பச் சொல்லுங்கள். அது சமரசத்தில் இருக்கும்வரை அந்த விஷயம் தொடர்பாக யாரையாவது எடுக்க வேண்டுமென்றால் அதிகாரியிடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும்.

வீட்டைக் காலி செய்யாதீர்கள். கோர்ட் உத்தரவு இல்லாமல் உங்கள் சாமானை வெளியே தூக்கிப் போட அவர்களுக்கு அதிகாரம் இல்லை. தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தினால் அன்றைக்கே ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். திருப்பூருக்கு வீட்டில் ஒருவர் போய்ச் சம்பாதிப்பதில் தப்பில்லை, நீங்களே இங்கே கூலி வேலைக்குப் போனாலும் வழக்கு செத்துவிடாது, பின்சம்பளத்தில் அதைக் கழிப்பார்கள். கதவைப் பூட்டிக் குடும்பத்தோடு கிளம்புவதை மட்டும் செய்யாதீர்கள். பந்தலூரிலிருந்து குன்னூர் போய் வர ஒரு நாள் முழுசாகப் போய்விடும், முதல் பஸ்ஸைப் பிடியுங்கள், மனுவை மூன்று நகல் எடுத்துக்கொண்டு போய் ஒன்றில் சீல் வாங்கி வாருங்கள்.