புகை எங்க போகுது? காத்து மாசு மாடலிங் கேள்வி பதில்

கேள்வி கேளுங்கன்னு சொன்னேன், குவிஞ்சிருச்சு. எந்த மாஸ்க் நல்லது, எந்த ஏர் ப்யூரிஃபையர் வாங்கலாம்ங்கிறதெல்லாம் என் ஏரியா இல்ல, அதை விட்டுட்டு மத்ததுக்கு வரேன்.

எம்.டெக் பண்றேன் சார். புகை எங்க போகும்னு கணக்குப் போடுற மாடல் சாஃப்ட்வேர்ல ஏர்மாட், ஹைஸ்பிளிட், டபிள்யூஆர்எஃப்-கெம், எதுல ஆரம்பிக்கலாம்?

உங்களுக்கு என்ன தெரியணும்ங்கிறதைப் பொறுத்தது. ஒரு சிம்னி, அதைச் சுத்தி 50 கிலோமீட்டருக்குள்ள எங்க எவ்ளோ படும்னா ஏர்மாட். 2005லேர்ந்து அமெரிக்க இபிஏ (சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு) சிபாரிசு பண்ற மாடல், ஃப்ரீ. இந்தப் புகை எங்கேர்ந்து வந்துச்சுன்னு பின்னாடி போய்ப் பாக்கணும்னா நோவாவோட (அமெரிக்காவோட கடல், வானிலை ஆய்வு அமைப்பு) ஹைஸ்பிளிட், பிரௌசர்லயே ஓட்டலாம். ஓசோன் மாதிரி காத்துலயே உருவாகுற சமாச்சாரம்னா டபிள்யூஆர்எஃப்-கெம், அதுக்கு சர்வரும் வேணும் பொறுமையும் வேணும். எதை எடுத்தாலும் மெட் ஃபைல், அதாவது மாடலுக்குக் கொடுக்குற வானிலை டேட்டா, எங்கேர்ந்து வருதுன்னு முதல்ல பாருங்க. இன்னைக்கு இதைப் பல தடவை சொல்லப் போறேன்.

அண்ணா, எண்ணூர் பக்கம் வல்லூர் அனல் மின் நிலையத்துக்குப் பக்கத்துல வீடு. சிம்னி அவ்ளோ ஒசரம், புகை மேலயே போயிரும், உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுங்கிறாங்க. நிஜமா?

இது நல்ல கேள்வி, கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

500 மெகாவாட் யூனிட் ஒண்ணு மணிக்கு சுமாரா 350 டன் நிலக்கரி எரிக்கும்னு வைங்க. அதுல 0.5 சதவீதம் கந்தகம்னா 1.75 டன். எரிஞ்சு சல்ஃபர் டை ஆக்சைடு ஆனா எடை ரெண்டு மடங்கு, 3.5 டன், ஒரு மணி நேரத்துக்கு. சிம்னி எவ்ளோ ஒசரம் வேணும்ங்கிறதுக்கு நம்ம ஊர் ஃபார்முலா என்னன்னா மணிக்கு எத்தனை கிலோ சல்ஃபர் டை ஆக்சைடு வருதோ அதோட 0.3 அடுக்கை (பவர்) 14ஆல பெருக்கணும், போட்டா 160 மீட்டர் சொச்சம் வரும். ஆனா 500 மெகாவாட்டும் அதுக்கு மேலயும்னா 275 மீட்டர்னு தனி ரூல் இருக்கு. சரி, ஒசரம்தான். ஆனா ஒசரத்துனால ஒரு கிலோ கூடக் குறையல, விழுற இடம்தான் மாறுது.

எங்க விழும்ங்கிறதைக் கடல் காத்து முடிவு பண்ணும். ராத்திரியும் விடிகாலையும் தரைக்காத்து புகையைக் கடல் மேல தள்ளிட்டுப் போகும். முன்மதியத்துக்கு மேல கடல் காத்து உள்ள வரும், காலைல போனதுல ஒரு பங்கு திரும்பி வரும். அதோட, கடல் மேலேர்ந்து வர்ற காத்து மேலயும் கீழயும் அவ்வளவா கலக்காத, அடங்கின காத்து. அது சூடான தரை மேல ஏறினதும் அடியிலேர்ந்து, காத்து மேலயும் கீழயும் புரண்டு கலக்குற ஒரு கலங்கல் அடுக்கு வளர ஆரம்பிக்கும், கரையில ரொம்ப மெல்லிசா, உள்ள போகப் போக தடிமனா. கரையோர சிம்னி அந்த அடுக்குக்கு மேல புகையை விடுது, அது நீர்க்காம கெட்டியாவே சில கிலோமீட்டர் போய், வளர்ந்து வர்ற அடுக்கு அதைத் தொட்டதும் மொத்தமா தரைக்கு இறங்கும். அதான் ஃப்யூமிகேஷன். சிம்னி அடியில நிக்கிறவருக்கு ஒண்ணும் தெரியாது, மீஞ்சூர் பொன்னேரி பக்கம் இருக்கிறவருக்குத் தெரியும்.

நான் ஈஐஏ (சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீடு) கன்சல்டன்ட். சும்மா பயமுறுத்தாதீங்க. மெட் ஃபைல்ல கடல் காத்து மணிக்கு மணி பதிவாகியிருக்கு, ஏர்மாட் அதை எடுத்துக்குமே?

திசையை எடுத்துக்கும், ஞாபகத்தை எடுத்துக்காது. ஒவ்வொரு மணி நேரத்துக்கும் புகையை நேர்கோட்டுல அனுப்பிட்டு, அடுத்த மணி ஒண்ணுமே நடக்காத மாதிரி புதுசா ஆரம்பிக்கும். பத்து மணிக்குக் கடலுக்குப் போன புகை பன்னெண்டு மணிக்கு அந்த மாடல்ல இருக்கவே இருக்காது. மொத்த ஏரியாவுக்கும் செங்குத்தா ஒரே ஒரு ப்ரொஃபைல் (எந்த ஒசரத்துல காத்து எப்படிங்கிற கணக்கு) வேற, கரையும் மீஞ்சூரும் அதுக்கு ஒண்ணுதான். புகையைச் சின்னச் சின்னப் பொதியா எடுத்து மணிக்கு மணி விடாம பின்தொடர்ற பஃப் மாடல் போடுங்க.

கால்பஃப்ங்கிற பஃப் மாடலையா சொல்றீங்க? அதை இபிஏவே 2017ல லிஸ்ட்லேர்ந்து தூக்கிட்டாங்களே!

தொலைதூரத்துக்கு சிபாரிசு பண்ற லிஸ்ட்லேர்ந்து தூக்கினாங்க. காத்து தாறுமாறா இருக்கிற இடத்துல காரணம் காட்டி, அனுமதி வாங்கிப் போடலாம். பாதியை மட்டும் சொல்லாதீங்க.

மழைக்காலம் தவிர ஒரு சீசன் டேட்டா போதும்னு ரிப்போர்ட் கேக்கிறவங்களே சொல்றாங்க, நாங்க என்ன பண்றது?

உங்க ரிப்போர்ட்டுக்கு அது போதும், திருவொற்றியூர்க்காரருக்குப் போதாது. மார்ச்லேர்ந்து மே வரைக்கும் உள்ள டேட்டால வடகிழக்குப் பருவக்காத்து கிடையாது. எண்ணூர்ப் புகை திருவொற்றியூர், மணலி பக்கம் திரும்புறதே அந்தக் காத்துலதான். உங்க கலர் மேப்ல அந்தப் பக்கம் பச்சையா இருக்கும், காரணம் சுத்தமான காத்து இல்ல, நீங்க அந்த மாசத்தைக் கேக்கவே இல்ல. இதுக்கு மேல சண்டைன்னா தனியா வாங்க, மத்தவங்க வெயிட்டிங்.

அம்பத்தூர் காத்து எப்படி? / தாம்பரம் சேஃபா? / போரூர்ல வீடு வாங்கலாமா?

காத்துத் தரம் காட்டுற சமீர் ஆப்ல உங்க பக்கத்துல இருக்கிற காத்து அளக்குற ஸ்டேஷனைப் பாருங்க. மூணு பேருக்கும் இதே பதில்தான்.

மழை பேஞ்சா எல்லாம் கழுவிட்டுப் போயிருமா?

எல்லாம் போகாது. பெரிய தூசு தானா விழும், மழையும் நல்லா அடிச்சு இறக்கும். ரொம்பப் பொடிசு அங்க இங்க அலைஞ்சு எதுலயாவது ஒட்டிக்கும். நடுவுல 0.1லேர்ந்து 1 மைக்ரான் வரைக்கும் இருக்கிறதுதான் ரெண்டுலயும் தப்பிக்கும், நுரையீரலுக்குள்ள போறதும் அதான். சல்ஃபர் டை ஆக்சைடு செடி, மண், தண்ணின்னு தொட்டதுல எல்லாம் ஒட்டும். அது சல்ஃபேட்டா மாறிட்டா இந்த சைஸுக்கு வந்துரும், நாள் கணக்குல மிதந்து நூத்துக்கணக்கான கிலோமீட்டர் போகும். ஒசர சிம்னி அந்த மாற்றத்துக்கு டைம் வாங்கிக் கொடுக்குது, அவ்ளோதான்.

கேஸ் லீக் ஆனா ஏர்மாட்ல பாக்கலாமா?

வேணாம். காத்தை விட கனமான வாயு தரையோட தரையா ஊரும், 1984ல போபால்ல ராத்திரி அதான் நடந்துச்சு. அம்மோனியா லேசுதான், ஆனா குளிரா வெளிய வந்தா அதுவும் கனமாத்தான் நடந்துக்கும். அலோஹான்னு ஃப்ரீ சாஃப்ட்வேர் இருக்கு, அதைப் பாருங்க.

போகி அன்னைக்கு மட்டும் ஏன் அவ்ளோ மோசம்?

ஜனவரி விடிகாலை, காத்து அசையாது, கலங்கல் அடுக்கு தரையை ஒட்டிக் கிடக்கும், அந்த நேரம் பாத்து ஊரே எரிக்குது. 2018ல மீனம்பாக்கத்துல விமானங்களே மாட்டிக்கிச்சு. பனியும் சேர்ந்துக்கும். அதே குப்பையை மதியம் எரிச்சா இவ்ளோ இருக்காது, எரிங்கன்னு சொல்லல.

என் வீடு மாதவரம், அங்க காத்து எப்படி?

மேல படிங்க.

மெட் டேட்டா மெட் டேட்டாங்கிறீங்க, அது எங்க சார் கிடைக்கும்?

அப்பாடா, ஒருத்தராவது கேட்டீங்க. உலகம் முழுக்க பழைய வானிலையைக் கட்டம் கட்டமாத் தர்ற ஈஆர்ஏ5 டேட்டா ஃப்ரீ, 1940லேர்ந்து மணிக்கு மணி இருக்கு, ஆனா ஒரு கட்டமே சுமார் 30 கிலோமீட்டர், கரைக்கோடு அதுல கரைஞ்சிரும். அதை டபிள்யூஆர்எஃப்ங்கிற வானிலை மாடல்ல போட்டு ஒரு கிலோமீட்டர் அளவுக்கு இறக்கிக்கங்க. மேல்காத்துக்கு மீனம்பாக்கத்துலேர்ந்து விடுற வானிலை பலூன் இருக்கு. ஆனா அந்த ப்ரொஃபைல் காலை 5.30க்கும் சாயங்காலம் 5.30க்கும்தான், மதியம் கடல் காத்து உள்ள நுழையுற நேரம் ரெண்டுலயும் சிக்காது.