காரில்லாமல் கோல்ஃப் திடலுக்கு: நியூயார்க்கில் எங்கே, எப்படி?

கேள்வி: மூன்று மாத அலுவலகப் பணிக்காக நியூயார்க்கின் மன்ஹாட்டன் பகுதியில் தங்கியிருக்கிறேன்; கார் இல்லை. கோல்ஃபில் எனக்குச் சுமாரான பயிற்சி உண்டு. பெத்பேஜ் பூங்காவின் கறுப்புத் திடலில் ஆட்ட நேரம் வாங்கித் தருவதாக ஒருவர் தனியே பணம் கேட்கிறார். கொடுக்கலாமா? ரயிலில் போய்வர முடியுமா?

பதில்: கொடுக்க வேண்டாம். பெத்பேஜ் மாநில அரசின் பூங்கா. நீங்களே நேரடியாக முன்பதிவு செய்யலாம். ஆட வரும்போது பதிவு செய்தவரின் அடையாள அட்டையைக் கேட்பார்கள் என்பதால், பிறர் பெயரில் உள்ள நேரத்தைக் காசு கொடுத்து வாங்கினால் பணமும் போய், அங்கிருந்து திரும்பி வரவும் நேரிடலாம். நியூயார்க் மாநில ஓட்டுநர் உரிமமோ அடையாள அட்டையோ உள்ளவர்களுக்கு முன்பதிவு முன்னதாகவே திறக்கிறது. கறுப்புத் திடலில் வெளியாருக்கான கட்டணம் அவர்களுடையதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. உங்கள் கணக்கை அந்த உயர்ந்த தொகையிலிருந்தே தொடங்குங்கள்.

2002, 2009 ஆண்டுகளில் அமெரிக்க ஓப்பன் கோல்ஃப் போட்டி நடந்த திடல் அது. மிகுந்த திறமை உள்ளவர்கள் மட்டுமே இங்கே ஆடுவது நல்லது என்ற எச்சரிக்கைப் பலகை, முதல் குழிக்கான ஆட்டம் தொடங்கும் இடத்திலேயே மாட்டப்பட்டிருக்கிறது. ஏறிச் செல்லும் கோல்ஃப் வண்டிக்கும் அனுமதியில்லை, பையைச் சுமந்தோ தள்ளிக்கொண்டோ 18 குழிகளையும் நடந்தே முடிக்க வேண்டும். அதே பூங்காவில் சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என மேலும் நான்கு திடல்கள் உள்ளன. உங்கள் பயிற்சிக்கு மஞ்சள் அல்லது பச்சைத் திடலே தகுந்தது என்பது என் கருத்து.

மன்ஹாட்டனிலுள்ள பென் ஸ்டேஷனில் லாங் ஐலண்ட் ரயில் ஏறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். பெயரைப் பார்த்து பெத்பேஜ் நிலையத்தில் இறங்கிவிடாதீர்கள். அதற்கு அடுத்த ஃபார்மிங்டேல் நிலையமே திடலுக்கு வசதியானது, அங்கிருந்து டாக்சியில் சிறிது தூரம்தான். பயணச்சீட்டை ஏறுமுன்பே வாங்கிவிடுங்கள், வண்டிக்குள் வாங்கினால் விலை கூடும். வேலை நாள் காலையில் நகரைவிட்டு வெளியே போகும் ரயிலுக்கு நெரிசல் நேரக் கட்டணம் இல்லை. மாலையில் நகருக்குத் திரும்பும் ரயிலுக்கும் அப்படியே. டாக்சிக்கான செலவைப் போவதற்கும் வருவதற்குமாக இரண்டு தடவை சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் முதலில் நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியிலுள்ள வான் கார்ட்லண்ட் பூங்காவுக்கே செல்லுங்கள். 1895-இல் திறக்கப்பட்ட அத்திடல்தான் அமெரிக்காவின் முதல் பொதுக் கோல்ஃப் திடல். 1-ஆம் எண் சப்வே (நகர மெட்ரோ) ரயிலின் கடைசி நிலையமான 242-ஆம் தெருவில் இறங்கினால் பூங்கா எதிரிலேயே இருக்கிறது. உயரப் பாலத்திலுள்ள நிலையம் என்பதால் பையைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்க வேண்டும், பிறகு பூங்காவினுள் ஏரிக்கரையிலுள்ள கோல்ஃப் திடல் கட்டடத்தை நோக்கி நடக்கலாம். டாக்சியே தேவையில்லை, போக ஒரு சப்வே கட்டணம், வர ஒன்று, அவ்வளவுதான். மட்டைகளை வாடகைக்கு எடுக்க எண்ணினால், உங்கள் உயரத்தையும் எந்தக் கை ஆட்டக்காரர் என்பதையும் முந்தின நாளே தொலைபேசியில் சொல்லி, வாடகை எவ்வளவு, மழையால் ஆட்டம் நின்றால் பணம் திரும்புமா என்ற இரண்டையும் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.