சர்வதேச வணிகத்தில் ஒழுக்கவியல் படிக்க விரும்பும் மகளைப் பற்றி அவளுடைய தாய்க்கு

மதிப்புக்குரிய அம்மா,

களுவாஞ்சிகுடியிலிருந்து மகளையும் அழைத்துக்கொண்டு வந்து நீங்கள் கேட்ட இரண்டு கேள்விகளும் சில நிமிடப் பேச்சில் முடித்துவிடக்கூடியவை அல்ல என்பதால் இதை எழுத்தில் தருகிறேன். சர்வதேச வணிக முகாமைத்துவத்தில் ஒழுக்கவியலும் சமூகப் பொறுப்பும்தான் தனக்குப் பிடித்த துறை என்று மகள் சொன்னபோது, "கம்பனிக்காரன் நீதி நியாயம் பாக்கிறதுக்கு ஆருக்குச் சம்பளம் குடுக்கப்போறான்?" என்று கேட்டீர்கள். அடுத்ததாக, நகையை அடகு வைத்துக் கொழும்பில் ஒரு தனியார் கல்வி நிறுவனத்தில் அவளை உடனே சேர்த்துவிடலாமா என்று கேட்டீர்கள். முதலாவதற்கு என் பதில், சம்பளம் கொடுக்கிறார்கள், இனிமேலும் கொடுப்பார்கள் என்பது. இரண்டாவதற்கு, இப்போது வேண்டாம் என்பது. இரண்டுக்கும் காரணம் சொல்ல வேண்டிய கடமை எனக்கு உண்டு.

ஒரு நாட்டில் தைத்த உடுப்பை இன்னொரு நாட்டில் விற்கும்போது, தைத்தவருக்கு நேரும் தீங்குக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி நெடுங்காலம் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தது. விற்பவர் தொழிற்சாலைக்காரரைக் காட்டுவார், தொழிற்சாலைக்காரர் தனக்குக் கிடைக்கும் குறைந்த விலையைக் காட்டுவார். 2013 ஏப்ரல் 24 அன்று வங்காளதேசத்தின் சாவார் என்னும் இடத்தில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இடிந்து விழுந்து 1,130க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. முதல் நாளே சுவர்களில் வெடிப்புக் கண்டிருந்தது. அதே கட்டடத்தில் இயங்கிய வங்கியும் கடைகளும் அன்றே மூடப்பட்டன, ஆனால் தையல் வேலை செய்தவர்கள் மறுநாள் காலையில் உள்ளே அனுப்பப்பட்டார்கள். இடிபாடுகளுக்குள் கிடந்த உடுப்புகளில் ஐரோப்பிய, அமெரிக்க நிறுவனங்களின் பெயர்த் துண்டுகள் இருந்தன. அதன் பின்னர் 200க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் தொழிற்சங்கங்களோடு சேர்ந்து, கட்டடப் பாதுகாப்பும் தீப் பாதுகாப்பும் பற்றிச் சட்டப்படி கட்டுப்படுத்தும் உடன்படிக்கை ஒன்றில் கையெழுத்திட்டன. அதுவரை கம்பனிகள் தாமாக விரும்பி எழுதிக்கொண்ட நடத்தைக் கோவைகள்தான் பெரும்பாலும் இருந்தன. அவற்றை மீறினால் கேட்க ஆளில்லை. ஆகையால் அந்த உடன்படிக்கையை நான் ஒரு பெரிய திருப்பமாகக் கருதுகிறேன்.

சட்டங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்திருக்கின்றன. வெளிநாட்டு அதிகாரிகளுக்கு இலஞ்சம் கொடுக்கும் கம்பனிகளைத் தண்டிக்க அமெரிக்கா 1977 இலேயே சட்டம் செய்தது. 2011 இல் ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் பேரவை, பேராசிரியர் ஜோன் ரகி தயாரித்த வழிகாட்டிக் கோட்பாடுகளை ஏற்றுக்கொண்டது. உரிமைகளைப் பாதுகாப்பது அரசின் கடமை, அவற்றை மதித்து நடப்பது கம்பனியின் பொறுப்பு, தீங்கு நேர்ந்தால் பாதிக்கப்பட்டவருக்குப் பரிகாரம் கிடைக்க வேண்டும் என்னும் மூன்று தூண்கள் அவற்றில் உண்டு, மகள் இதைப் படிக்கும்போது பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குவார்கள். 2015 இல் பிரித்தானியா நவீன அடிமைத்தனத்துக்கு எதிராகவும், 2017 இல் பிரான்ஸ், தம் தொழிலால் மனிதருக்குத் தீங்கு நேராமல் பார்த்துக்கொள்ளும் பெரிய கம்பனிகளின் விழிப்புக் கடமை பற்றியும் சட்டம் இயற்றின. ஜெர்மனியின் வழங்கல் சங்கிலிச் சட்டம் 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. 2024 இல் ஐரோப்பிய ஒன்றியமும் இதே போக்கில் ஒரு பணிப்பாணையை நிறைவேற்றியது. ஆனால் அடுத்த ஆண்டே அதன் நடைமுறைத் தேதியைத் தள்ளிவைத்தார்கள். இத்துறையில் காற்று எப்போதும் ஒரே பக்கம் வீசாது என்பதை நீங்களும் மகளும் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே அதையும் சொல்கிறேன்.

இனி உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். ஜெர்மனியில் உள்ள ஒரு கடைத்தொகுதி, தான் விற்கும் சட்டையைத் தைத்த இடத்தில் சிறுவர்கள் வேலை செய்யவில்லை, கூலி பிடித்துவைக்கப்படவில்லை என்று தன் நாட்டு அரசுக்குக் காட்ட வேண்டியிருந்தால், அது தனக்குத் தைத்துக் கொடுக்கும் தொழிற்சாலையிடம் கேட்கும், அந்தத் தொழிற்சாலை ஏறாவூர் புன்னைக்குடாவில் இருந்தாலும் அப்படித்தான். அங்கே பதில் சொல்ல ஒருவர் வேண்டும். ஆடைத் தொழிற்சாலைகளில் கொம்ப்ளையன்ஸ், அதாவது விதிகளின்படி நடக்கிறதா என்று பார்ப்பது, என்று எல்லோரும் சொல்லும் பிரிவு அதற்காகவே இருக்கிறது. வரவுப் பதிவையும் சம்பளப் பட்டியலையும் பக்கத்தில் வைத்து மேலதிக நேரத்துக்குரிய கூலி சரியாகப் போயிருக்கிறதா என்று பார்ப்பது, ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழில்வழங்குநரின் 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் உரிய காலத்தில் கட்டப்பட்டதா என்று சரிபார்ப்பது, அவசர வாயில்கள் பூட்டப்படாமல் இருக்கின்றனவா என்று நடந்து பார்ப்பது, மேற்பார்வையாளரைப் பற்றி ஒரு பெண் செய்த முறைப்பாடு அவளுக்கே வினையாக முடியாமல் விசாரிக்கப்படுகிறதா என்று கவனிப்பது எல்லாம் அந்தப் பிரிவின் அன்றாட வேலைகள். இவற்றைச் செய்பவருக்குக் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும், தொழிற்சட்டம் தெரிந்திருக்க வேண்டும், தையல் மேசையில் இருக்கும் பிள்ளை அச்சமின்றிப் பேசுகிற மொழியும் தெரிந்திருக்க வேண்டும். மூன்றாவது தகுதி உங்கள் மகளுக்குப் பிறப்பிலேயே வாய்த்திருக்கிறது.

இது ஆடைத் தொழிலோடு நிற்பதும் இல்லை. மனித உரிமை உடன்படிக்கைகளை நடைமுறைப்படுத்துவதில் குறைபாடு இருந்ததாகச் சொல்லி 2010 இல் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கைக்கான ஜீ.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகையை நிறுத்தியது, அது திரும்பக் கிடைத்தது 2017 மே மாதத்தில்தான். அந்தச் சலுகை 27 சர்வதேச உடன்படிக்கைகளோடு கட்டப்பட்டது. 2015 இல், சட்டத்துக்கு மாறான ஆழ்கடல் மீன்பிடியைக் கட்டுப்படுத்தவில்லை என்ற காரணத்தால் ஐரோப்பாவுக்கான மீன் ஏற்றுமதியும் தடைப்பட்டு, அடுத்த ஆண்டு நீங்கியது. வாழைச்சேனைத் துறைமுகத்திலிருந்து போகும் பலநாள் படகுகள் இன்றைக்குச் செய்மதிவழிக் கண்காணிப்புக் கருவியோடும் பதிவேட்டோடும் போக வேண்டியிருப்பதன் பின்னணி இதுதான். அந்தப் பதிவுகளை ஏற்றுமதி நிறுவனத்தில் சரிபார்ப்பவரும் உங்கள் மகள் விரும்பும் தொழிலைத்தான் செய்கிறார்.

நீங்கள் குவைத்தில் வீட்டுப் பணியாளராக இருந்தபோது உங்கள் கடவுச்சீட்டை வீட்டுக்காரர் வாங்கி வைத்துக்கொண்டார் என்றும், அது அங்கே எல்லோருக்கும் நடப்பதுதான் என்றும் பேச்சோடு பேச்சாகச் சொன்னீர்கள். அம்மா, அடையாள ஆவணங்களைப் பறித்துவைப்பது கட்டாய உழைப்பின் அறிகுறிகளில் ஒன்று என்று சர்வதேச தொழில் அமைப்பு வகுத்திருக்கிறது. வேலைக்குப் போவதற்காகப் பட்ட கடனில் ஆளைக் கட்டிவைப்பதும், கூலியைக் கொடுக்காமல் நிறுத்திவைப்பதும், வெளியாரோடு தொடர்பு கொள்ளவிடாமல் தனிமைப்படுத்துவதும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. இப்போது பல சர்வதேச நிறுவனங்கள், வெளிநாட்டிலிருந்து தொழிலாளரை எடுக்கும்போது முகவர் கட்டணத்தைத் தொழிலாளியிடம் வாங்கக் கூடாது, வேலை கொடுப்பவரே செலுத்த வேண்டும் என்ற விதியை ஏற்றிருக்கின்றன. அந்த விதி கடதாசியில் மட்டும் நிற்கிறதா என்று அறிய, மட்டக்களப்பிலோ அக்கரைப்பற்றிலோ உள்ள ஒரு வீட்டுக்கு வந்து, போனவரின் குடும்பம் யாருக்கு எவ்வளவு கொடுத்தது என்று கேட்க வேண்டும். உங்கள் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு அந்தக் கேள்வியை எப்படிக் கேட்பது என்று யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. இந்தத் துறையை அவள் ஏன் தேர்ந்தாள் என்று நீங்கள் வியந்தீர்கள், எனக்கு அதில் வியப்பு ஏற்படவில்லை.

இதன் மறுபக்கத்தையும் மகள் அறிந்தே போக வேண்டும். 2012 செப்டம்பரில் கராச்சியில் அலி என்டர்பிரைசஸ் என்ற ஆடைத் தொழிற்சாலை தீப்பற்றி 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், வெளியேறும் வழிகள் அடைபட்டிருந்தன. அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர்தான் அத்தொழிற்சாலைக்கு எஸ்.ஏ. 8000 என்னும் சமூகப் பொறுப்புச் சான்றிதழ் வழங்கப்பட்டிருந்தது. தொழிற்சாலையிடமே கட்டணம் வாங்கிக்கொண்டு, வரும் தேதியை அறிவித்துவிட்டு வந்து, கேட்கும் கடதாசிகளை மட்டும் பார்க்கும் கணக்காய்வில் இப்படி நேர முடியும். இரட்டைப் பதிவேடு வைத்திருப்பதும், ஆய்வாளர் வரும் நாளில் என்ன சொல்ல வேண்டும் என்று ஊழியருக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதும் பல நாடுகளில் வெளிவந்த உண்மைகள். ஒரு நாள் மகளின் மேசைக்கும் அப்படியொரு கடதாசி கையெழுத்துக்காக வரலாம். அன்று மறுக்கும் துணிவு அவளுக்கு இருக்க வேண்டும், மறுத்தால் வேறு வேலை தேடிக்கொள்ளும் தகுதியும் இருக்க வேண்டும். ஆகவேதான் சமூகப் பொறுப்பு என்ற பெயரை மட்டும் தாங்கிய மெல்லிய பாடநெறி ஒன்றை முதலில் படிக்க வேண்டாம் என்கிறேன். கணக்கீடு, புள்ளிவிவரம், வணிகச் சட்டம் ஆகியவற்றில் உறுதியாக நிற்பவரை எந்த நிறுவனமும் எளிதில் மிரட்ட முடியாது. 2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் தனியார் துறையில் நடக்கும் இலஞ்சத்தையும் குற்றமாக்கியிருப்பதால், இலங்கைக் கம்பனிகளுக்குள்ளும் இந்த அறிவு இனித் தேவைப்படும்.

மகளிடம் நான் கேட்டபோது, கம்பனியின் சமூகப் பொறுப்பு என்றால் பாடசாலைகளுக்குப் புத்தகப்பை கொடுப்பதும் மருத்துவ முகாம் நடத்துவதும் என்றே சொன்னாள். சுனாமிக்குப் பிறகு நம் கரையோரத்தில் வளர்ந்த பிள்ளைகள் கம்பனிகளை அந்த வேடத்தில்தான் அதிகம் கண்டிருக்கிறார்கள், அவளைக் குறை சொல்ல இடமில்லை. ஆனால் அமெரிக்கப் பேராசிரியர் ஆர்ச்சி கரோல் கம்பனியின் பொறுப்புகளை அடுக்கி 1991 இல் வரைந்து காட்டிய புகழ்பெற்ற கூம்பகத்தில் கொடை உச்சியில் உள்ள சிறு பகுதி மட்டுமே, அதற்குக் கீழே ஒழுக்கப் பொறுப்பும், சட்டப் பொறுப்பும், அடியில் பொருளாதாரப் பொறுப்பும் இருக்கின்றன. பாசிக்குடாவில் ஒரு விடுதி ஆண்டுதோறும் புலமைப்பரிசில் கொடுப்பது நல்லதுதான். அதற்கு முன் அந்த விடுதி, மீனவர் வள்ளம் ஏற்றும் கரையை மறித்ததா, கழிவுநீரை எங்கே விடுகிறது, உள்ளூர்ப் பிள்ளைகளை நிரந்தர வேலைக்கு எடுத்ததா என்று கேட்க வேண்டும். இந்தக் கேள்விகளின் வரிசையை அவள் மனத்தில் பதித்துக்கொண்டால், முதலாம் ஆண்டிலேயே மற்றவர்களை முந்திவிடுவாள்.

படிப்பு விடயத்துக்கு வருகிறேன். மகள் உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவில் தோற்றிப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கிறாள். முகாமைத்துவ, வணிகப் பாடநெறிகளுக்கான அரச பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் நாடு தழுவிய திறமையின்படியும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன, மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தக் கடைசிப் பட்டியலில் இருக்கின்றன. கொழும்பு மாவட்டப் பிள்ளையின் வெட்டுப்புள்ளியைப் பார்த்து நீங்கள் முன்கூட்டியே மனம் தளர்ந்துவிட்டீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வர்த்தக முகாமைத்துவ பீடம் இருக்கிறது, ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் முகாமைத்துவ வர்த்தக பீடம் உண்டு. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் சர்வதேச வணிகத்துக்கென்றே தனித் துறை இயங்குகிறது. கற்பித்தலுக்குக் கட்டணமில்லை, தகுதி இருந்தால் மகாபொல புலமைப்பரிசிலும் கிடைக்கும். பல்கலைக்கழக அனுமதிக்காக உயர்தரப் பெறுபேற்றிலிருந்து கணிக்கும் இசட் புள்ளி கை கொடுக்காவிட்டால், அரசாங்கத்தின் உயர் தொழில்நுட்பவியல் நிறுவகம் மட்டக்களப்பிலும் சம்மாந்துறையிலும் இருக்கிறது. அங்கே கணக்கியல் உயர் தேசிய டிப்ளோமா படித்தவர்கள் நல்ல நிறுவனங்களில் அமர்ந்திருக்கிறார்கள்.

ஒழுக்கவியலையும் சமூகப் பொறுப்பையும் தனிச்சிறப்பாகப் படிப்பதற்குரிய இடம், இரண்டு மூன்று ஆண்டுகள் ஏதாவது ஒரு தொழிற்சாலையிலோ கணக்காய்வு நிறுவனத்திலோ ஏற்றுமதிக் கம்பனியிலோ வேலை செய்தபின் வரும் முதுமாணிப் படிப்பு என்பது என் உறுதியான கருத்து. இடைப்பட்ட காலத்தில் அவள் விடாமல் வளர்க்க வேண்டியவை ஆங்கில எழுத்தும் சிங்களப் பேச்சும். கிழக்கிலும் மேல் மாகாணத்திலும் தொழிற்சாலைக்குள் போய் இரு மொழியிலும் தொழிலாளரிடம் பேசி, ஆங்கிலத்தில் அறிக்கை எழுதக்கூடியவர்கள் மிகக் குறைவு, அவர்களைத் தேடுகிறார்கள்.

ஆகவே நகையை இப்போது எடுக்க வேண்டாம். பெறுபேறு வரும்வரை அந்தத் தனியார் நிறுவனத்துக்கு முற்பணமும் கட்ட வேண்டாம், இன்றோடு சலுகை முடிகிறது என்று தொலைபேசியில் சொன்னாலும் கட்ட வேண்டாம். பின்னர் அதையும் ஒரு தெரிவாக வைத்திருக்க விரும்பினால், பட்டத்தை வழங்குவது எந்தப் பல்கலைக்கழகம், அதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா, இடையில் விலகினால் கட்டிய பணத்தில் எவ்வளவு திரும்பும், முழுப் படிப்புக்கும் பரீட்சைக் கட்டணம் உட்பட மொத்தச் செலவு எவ்வளவு என்பவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாயால் மட்டும் பதில் சொன்னால் அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பெறுபேறு வந்ததும், மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலை வாங்கிக்கொண்டு மகளோடு வாருங்கள். பல்கலைக்கழகங்களையும் பாடநெறிகளையும் எந்த ஒழுங்கில் விண்ணப்பத்தில் இடுவது என்பதை மூவருமாக இருந்து தீர்மானிப்போம், அந்த ஒழுங்கு தவறினால் நல்ல புள்ளி பெற்ற பிள்ளைக்கும் விரும்பிய இடம் கிடைக்காமல் போய்விடும்.