உங்களை வேவு பார்க்கிறார்களா?

உங்களுக்கு வரும் ஸ்பேம் (கேட்காமலே வந்து குவியும் விளம்பர மின்னஞ்சல்) போன மாதம் வரை எடை குறைக்கும் மாத்திரை பற்றி, இப்போது திடீரென்று கிரிப்டோ நாணயம் பற்றி. யாராவது என்னைக் கவனிக்கிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். அநேகமாக இல்லை. எங்கோ கசிந்த பட்டியலில் உங்கள் மின்னஞ்சல் முகவரியும் இருக்கும், அவ்வளவுதான்.

ஸ்பேம் அனுப்புவது கிட்டத்தட்ட இலவசம். 2008-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்தபோது, சுமார் 35 கோடி மருந்து விளம்பர அஞ்சல்களுக்கு வெறும் 28 பேர்தான் வாங்க முன்வந்தார்கள். லட்சத்தில் ஒருவர்கூட இல்லை! அதனால் ஊரே பேசும் விஷயத்தைத் தலைப்பில் வைத்தால்தான் நாலு பேராவது திறப்பார்கள். 2020-இல் எல்லாம் கொரோனாவாக வந்ததே, நினைவிருக்கிறதா? ஸ்பேமைத் தடுக்கும் வடிகட்டிகள் பழைய வாசகங்களைப் பழகிவிடுவது, விஷயம் மாறுவதற்கு இன்னொரு காரணம்.

அப்புறம், அந்த அஞ்சல்களில் இருக்கும் 'விலகு' இணைப்பைத் தொடாதீர்கள். முகவரி உயிரோடு இருப்பதை நீங்களே சொன்னதாகிவிடும். ஸ்பேம் என்று குறியிட்டாலே போதும்.