மில்லா, எம்ஓஏவா? முதலில் அந்த ஸ்கோப்பைக் கவனியுங்கள்

துப்பாக்கிக்கு ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) வாங்கும்போது, தூரத்தை மீட்டரில் கணக்குப் போடுவதால் எம்ஓஏவை விட்டு மில்தான் எடுக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி ஒன்றும் இல்லை. மில் (மில்லிரேடியன்), எம்ஓஏ (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) இரண்டுமே கோண அளவுதான். 100 மீட்டரில் 1 மில் 10 செ.மீ., 1 எம்ஓஏ சுமார் 2.9 செ.மீ., அவ்வளவுதான்.

எனக்குக் கவலை தருவது வேறு. நீங்கள் பார்த்து வைத்திருக்கும் ஸ்கோப்பில் ரெட்டிகிள் (உள்ளே தெரியும் குறிக்கோடுகள்) மில், டரட் (குறியைத் திருத்தும் திருகு) எம்ஓஏ. அதை வாங்காதீர்கள். குண்டு 0.6 மில் கீழே பட்டது ரெட்டிகிளில் தெரிகிறது என்று வையுங்கள். டரட்டும் மில்லாக இருந்தால் ஒரு கிளிக்குக்கு (திருகின் ஒரு படி) 0.1 வீதம் 6 கிளிக், வேலை முடிந்தது. எம்ஓஏ டரட் என்றால், 1 மில் சுமார் 3.44 எம்ஓஏ என்பதால் 3.44-ஆல் பெருக்கி, கால் எம்ஓஏ கிளிக்காக மாற்றினால் 8 வரும். போட்டி நேரத்தில் யார் இதைப் போட்டுக்கொண்டிருப்பார்கள்?

இரண்டும் ஒரே அளவாக இருந்தால் எதுவும் சரி. காகித இலக்கு மட்டும்தான் என்றால் நான் எம்ஓஏ பக்கம். கால் எம்ஓஏ கிளிக் 100 மீட்டரில் ஏறக்குறைய 7 மி.மீ., 0.1 மில் கிளிக் 10; அதனால் எம்ஓஏவில் இன்னும் நுணுக்கமாகத் திருத்தலாம். தூரம் மாறிக்கொண்டே இருந்தால் மில் எண்கள் சிறியவை, வாயால் சொல்ல எளிது. கூடச் சுடுபவர்கள் எதை வைத்திருக்கிறார்கள் என்றும் கேளுங்கள்.

அப்புறம், இரண்டாம் குவியத் தள ஸ்கோப் (உருப்பெருக்கம் மாறினாலும் ரெட்டிகிள் அதே அளவில் தெரிவது) என்றால் ரெட்டிகிள் கோடுகள் ஒரே ஒரு உருப்பெருக்கத்தில்தான் சரியான அளவு காட்டும்.